பதநீரில் ஐஸ் எதற்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஓரளவு அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன நம்ம பசங்க ஊருக்கு வந்ததும் சொல்ற புகார்கள்ல ஒண்ணு: "அங்க பீரைச் சூடா குடுக்குறாங்கப்பா." இது பாதிதான் உண்மை. அங்கே பப்களில் பாரம்பரியமாக ஊற்றுகிற ஏல் சூடாகவும் இருக்காது, பல் கூசுற மாதிரியும் இருக்காது. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ்ல பீப்பாயை வெச்சிருப்பாங்க. அங்கிருந்து கைப்பம்பில் இழுத்து நேரா கிளாஸ்ல. பிரிட்ஜில் இருந்து 4 டிகிரியில் எடுத்துப் பழகின கைக்கு அது வெதுவெதுன்னு தெரியும், அவ்வளவுதான்.

ஏன் அந்த 12 டிகிரி? அந்தப் பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் இன்னும் உயிரோட இருக்கு. நாம பார்க்கிற பாட்டில் பீர்ல பெரும்பாலும் ஈஸ்ட்டை வடிகட்டி, சூடாக்கிக் கொன்னுட்டு, அப்புறம் கேஸ் ஏத்தி அடைக்கிறாங்க. ஏல் பீப்பாயில் அப்படி இல்லை. மதுவறைக்கு வந்து சேர்ந்த பிறகும் உள்ளே நொதித்தல் மெதுவா நடந்துக்கிட்டே இருக்கும். ரொம்பக் குளிர வெச்சா மணம் அடங்கிடும், பீரும் கலங்கலாகும். ரொம்பச் சூடானா கேஸ் பறந்துடும், சீக்கிரம் புளிக்கும். பீப்பாயைத் திறந்தாச்சுன்னா மூணு நாளுக்குள்ள முடிச்சாகணும்னு கணக்கு. 1960-கள்ல பெரிய கம்பெனிகள் இந்தத் தொல்லையே வேண்டாம்னு செத்த பீருக்கு மாறினாங்க. அதை எதிர்த்து 1971-ல் நாலு பேர் கேம்ரான்னு ஒரு இயக்கத்தையே தொடங்கி, உயிருள்ள பீருக்கு 'ரியல் ஏல்'னு பேர் வெச்சாங்க. இன்னைக்கும் அந்த இயக்கம் இருக்கு. குடிக்கிறவங்களே சேர்ந்து ஒரு பானத்தோட சூட்டுக்காகச் சண்டை போட்டாங்கன்னு சொன்னா நமக்குச் சிரிப்பு வரும்.

சிரிக்க வேண்டாம். நம்மகிட்டயும் அதே மாதிரி உயிருள்ள ஒரு பானம் இருக்கு. அதைத்தான் திருநெல்வேலி பைபாஸ்ல மதியம் ரெண்டு மணிக்கு, ஐஸ் கட்டி மிதக்க மிதக்க பிளாஸ்டிக் டம்ளர்ல வாங்கிக் குடிச்சுட்டு, "என்னங்க, சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கு"ன்னு சொல்றோம்.

பதநீர். நெல்லைப் பக்கம் பேச்சுல பதனி, பயினி. கன்னியாகுமரிக்குப் போனா அக்கானி. கொங்குப் பக்கம் தெளுவு. எல்லாம் பனைமரத்துப் பாளையைச் சீவினா சொட்டுற அதே சாறுதான்.

தாமிரபரணிக் கரைன்னா நமக்கு நெல்லும் வாழையும்தான் ஞாபகம் வரும். ஆத்தை விட்டுத் தெற்கே, கிழக்கே தள்ளிப் போங்க. சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடின்னு செம்மண் தேரி தொடங்கும். வாய்க்கால் தண்ணி எட்டாத நிலம். அங்கேதான் பனை கூட்டம் கூட்டமா நிக்கும். தூத்துக்குடி மாவட்டம் 1986-ல் பிரியும் வரைக்கும் அந்தத் தேரியில பெரும்பகுதி திருநெல்வேலி மாவட்டம்தான். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. கருப்பட்டி என்பதே பதநீரைக் காய்ச்சி இறுக வெச்சதுதான்.

இப்போ அந்தச் சாறு மரத்துல இருந்து வர்ற வழியைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம், ஏன்னா விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கு. மாசி, பங்குனியில் பாளை விட ஆரம்பிக்கும். ஆண்பனை, பெண்பனை ரெண்டுலயும் சாறு எடுக்கலாம். பனையேறி பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசா சீவி, அதுக்குக் கீழே ஒரு கலயத்தைக் கட்டுவார். ஒரு சீவல் போதாது. வெட்டின இடம் காய்ஞ்சு அடைச்சுக்கும், அதனால காலையும் மாலையும் ஏறிச் சீவணும். ஒரே மரத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. இப்படி முப்பது, நாப்பது மரம். ஆடி வரைக்கும் ஒரு நாள்கூட விட முடியாது. காய்ச்சல்னு படுத்தா பாளை அடைச்சுப் போயிடும்.

மரத்துல இருந்து சொட்டும்போது அந்தச் சாறுல பத்து, பன்னிரண்டு சதவீதம் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட்டுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. அது காத்துல இருக்கு, பாளை மேல இருக்கு, நேத்து மாட்டின கலயத்தோட சுவர்ல இருக்கு, சாறு குடிக்க வர்ற பூச்சியோட காலிலும் இருக்கு. முதல் சொட்டு விழுந்த உடனே வேலையைத் தொடங்கிடும். கூடவே பாக்டீரியாவும் சேர்ந்துக்கும். அப்படியே விட்டா சில மணி நேரத்துல நுரைச்சு, புளிச்சு, கள் ஆயிடும். ஒரு நாள் போனா நாலஞ்சு சதவீதம் ஆல்கஹால் வரைக்கும் ஏறும். அதுக்கும் மேல விட்டா காடிதான்.

இங்கிலாந்துல இதே பிரச்சினைக்குப் பூமிக்கடியில ஒரு குளிர்ந்த அறை இருந்தது. நமக்கு? பாளையங்கோட்டையில சித்திரை, வைகாசியில வெயில் 38 டிகிரியைத் தாண்டுறது சாதாரணம். ராத்திரியில்கூட 25, 26-க்குக் கீழ இறங்குறது அரிது. ஈஸ்ட்டுக்குப் பிடிச்ச சூடு 30-ஐ ஒட்டினது. அதாவது கோடைக்கால நெல்லை முழுக்கவே ஈஸ்ட்டுக்குக் கட்டின வீடு மாதிரி.

குளிர் இல்லாத ஊரு அதுக்குப் பதிலா கண்டுபிடிச்சதுதான் சுண்ணாம்பு. கலயத்தோட உள்பக்கம் சுண்ணாம்பைக் குழைச்சுத் தடவிடுவாங்க. தாம்பூலத்துல வெத்தலைக்குத் தடவுற அதே சரக்குதான். சாறு அதுல விழுந்ததும் காரத்தன்மை ஏறிடும். ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் கொஞ்சம் புளிப்பான இடம்தான் பிடிக்கும், காரமான இடத்துல கையைக் காலை ஆட்ட முடியாது. இங்கே காரம்னு நான் சொல்றது மிளகாய்க் காரம் இல்ல, அமிலத்துக்கு எதிர்ப் பக்கம் இருக்கிற காரம். சுண்ணாம்பு அதிகமானா தொண்டை அறுக்கும், குறைஞ்சா புளிக்கும். எவ்வளவு தடவணும்னு எந்த அளவுக் கரண்டியும் கிடையாது. பனையேறியோட விரல்தான் கணக்கு. வெயில் ஏறின நாள்ல ஒரு கணக்கு, மழை மூட்டமான நாள்ல வேற ஒரு கணக்கு.

சுண்ணாம்பு நொதித்தலைக் கொல்லாது, தள்ளிப் போடும். கலயத்தை இறக்கி, வடிகட்டி, சுண்ணாம்பு அடியில தங்கின பிறகு அந்தத் தெளிந்த பதநீர் மறுபடியும் காத்துல இருக்கு, வெயில்ல இருக்கு. பத்து டிகிரி ஏறினா இந்த மாதிரி வேலைகளெல்லாம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாகும்னு ஒரு பொதுவான கணக்கு உண்டு. காலையில 26 டிகிரியில இருந்த குடம் பதினோரு மணிக்கு 36-ல இருந்தா, உள்ளே கடிகாரம் ரெண்டு மடங்கு ஓடுது.

அதனாலதான் நம்ம ஊர்ல 'பதநீர் எத்தனை டிகிரியில குடிக்கணும்'னு யாரும் கேட்டதில்ல. எத்தனை மணிக்குக் குடிக்கணும்னுதான் கேட்பாங்க. பதில்: விடிஞ்சு, மரத்துல இருந்து இறக்கி, வெயில் உறைக்கிறதுக்கு முன்னாடி. ராத்திரி முழுக்க மரத்து உச்சியில காத்துல தொங்கின சாறு, விடியற்காலைச் சூட்டுக்கு வந்திருக்கும். அன்னைக்கு முழுக்க அந்தச் சாறு அதைவிடக் குளிர்ச்சியா இருக்கப் போறதில்ல. நாலு நாப்பது மரம் ஏறி இறங்கின பனையேறிக்கும் சரி, வயலுக்குப் போறவங்களுக்கும் சரி, அந்த நேரத்துல அதுதான் குளிர்ச்சி.

மண் கலயம் குளிர்ச்சி தரும்னு நிறைய பேர் சொல்வாங்க. தண்ணிப் பானைக்கு அது உண்மை: சுவர் வழியா கசியுற ஈரம் காத்துல உலரும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துட்டுப் போகும். காருகுறிச்சிப் பானையில வெச்ச தண்ணியைக் குடிச்சவங்களுக்கு விளக்கமே தேவையில்ல. ஆனா நாள்தோறும் சுண்ணாம்பு பூசுற கலயத்துல அந்த நுண்துளைகள் அடைச்சுப் போக வாய்ப்பு அதிகம். அதனால இதை நான் ரொம்பப் பெருசா சொல்ல மாட்டேன். இப்போ பல மரங்கள்ல பிளாஸ்டிக் டப்பாவே தொங்குது. இறக்கினா உடையாது, எடை குறைவு. அம்பது, அறுபது அடி உயரத்துல தொங்குறவர்கிட்ட 'மண் கலயம்தான் பாரம்பரியம்'னு நாம கீழே நின்னு பாடம் எடுக்க முடியாது.

சரி, ஐஸுக்கு வருவோம்.

நகரத்துல பதநீருக்கு ஆள் கூடுற நேரம் மதியம். தாகம் எடுக்கிற நேரம் அதுதானே. காலை ஆறு மணிக்கு இறக்கினது, பைக்ல கேன் கட்டி, முப்பது கிலோமீட்டர் வந்து, புளியமரத்தடியில ரெண்டு மணி வரைக்கும் நிக்குது. அதுக்குள்ள அது 35 டிகிரிக்கு வந்திருக்கும். வாங்குறவர் முதல்ல கேட்கிறது "ஜில்லுன்னு இருக்குமா?" அப்போ ஐஸை உடைச்சு உள்ளே போடறதைத் தவிர விக்கிறவருக்கு வேற வழி இல்ல. அடுத்து மூணு விஷயம் நடக்குது.

ஒண்ணு, ஐஸ் உருகித் தண்ணியாகும். அந்தத் தண்ணி எந்தத் தண்ணின்னு யாருக்கும் தெரியாது. ரெண்டாவது, குளிர்ல நாக்குக்கு இனிப்பு சரியாத் தெரியாது. இது மனப்பிரமை இல்ல. இனிப்பை மூளைக்குச் சொல்ற வழியில டி.ஆர்.பி.எம்.5னு ஒரு புரதம் இருக்கு. 15 டிகிரியில மந்தமா இருக்கிற அது, 35-ஐ நோக்கிப் போகப் போக சுறுசுறுப்பாகும். உருகின ஐஸ்கிரீம் திகட்டுறதும் இதனாலதான். பதநீர்ல தண்ணியும் கலந்து, நாக்கும் மரத்துப் போச்சுன்னா இனிப்பு எங்கே போச்சுன்னு தேடுவோம். அப்போ சிலர் சீனியோ சாக்கரினோ சேர்க்கிறாங்க. குடிச்சு ரொம்ப நேரத்துக்கு நாக்குல ஒரு கசப்போட இனிப்பு ஒட்டிக்கிட்டே இருந்தா அது பனையில இருந்து வந்ததில்ல. மூணாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்: மணம் போயிடும். நல்ல பதநீரை வாய்கிட்ட கொண்டு போகும்போதே ஒரு வாசம் வரும், பச்சைப் பாளையும் ஓலையும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்தது. பச்சை ஓலையை மடிச்சுக் கட்டின பட்டையில ஊத்திக் குடிக்கும்போது அது இன்னும் கூடும். 4 டிகிரியில அந்த வாசம் மேலே எழும்பவே எழும்பாது. ஏல் குடிக்கிற ஆங்கிலேயர் ஐஸ் பீரைப் பத்திச் சொல்ற குறையும் இதேதான்.

(இதுல ஒரு வேடிக்கை. குளிர்ந்ததைக் குடிக்கணும்னு இந்தியாவுல ஆசைப்பட்டுப் பெருஞ்செலவு செய்தவங்கள்ல அதே ஆங்கிலேயரும் உண்டு. வெடியுப்பைத் தண்ணியில கரைச்சா தண்ணி குளிரும், அதுல பாட்டிலை வெச்சுக் குளிர வைக்கத் தனி வேலைக்காரங்களே இருந்தாங்க. அப்புறம் அமெரிக்காவுல ஏரியில உறைஞ்ச பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல கொண்டு வந்தாங்க. அதைப் பாதுகாக்க 1842-ல் கட்டினதுதான் மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ், இப்போ மெரினாவுல இருக்கிற விவேகானந்தர் இல்லம்.)

இதெல்லாம் வெறும் ருசி விஷயம்னு விட்டுடலாம், பனையேறியோட பக்கத்துல இருந்து பார்க்காத வரைக்கும். ஒரு குடம் பதநீர் இறக்கினா அவருக்கு மூணு வழிதான். உடனே வித்துடணும், அதுதான் நல்ல காசு. இல்லன்னா விடிலியில அடுப்பு மூட்டிக் கருப்பட்டியாக் காய்ச்சணும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் போகும், கூடவே விறகும், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களோட நாள் முழுக்க உழைப்பும். ரெண்டும் இல்லாம நேரம் கடந்துட்டா, அது நுரைக்கும். நுரைச்சா சட்டத்தோட கண்ணுல அது வேற பொருள்.

தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னைக்கும் இருக்கு. சுண்ணாம்பு தடவின கலயத்துல இறங்கினா பதநீர், தடவாம இறங்கினா கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஆரியங்காவு போனா கள் விக்கிறது சட்டப்படியான தொழில். மலைக்கு இந்தப் பக்கம் குற்றம். கள் வேணுமா வேண்டாமாங்கிற வாதத்துக்குள்ள நான் இன்னைக்குப் போகல. 2025 ஜூன்ல திருச்செந்தூர் பக்கம் பெரியதாழையில சீமான் பனை ஏறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தினதுல இருந்து அது தனியா சூடு பிடிச்சிருக்கு. நான் சொல்ல வர்றது சின்ன விஷயம்: சுண்ணாம்பு கொஞ்சம் குறைஞ்சு, வெயில் கொஞ்சம் கூடி, வண்டி ரெண்டு மணி நேரம் தாமதமானா, காலையில சட்டப்படி இறக்கின பானம் மதியம் சந்தேகத்துக்கு உரியதா ஆயிடுது. அந்தப் பயத்துல சுண்ணாம்பைக் கூடுதலாத் தடவுறாங்க. தொண்டை அறுக்குதுன்னு நாம கீழே வெச்சுட்டு கோலா வாங்குறோம்.

அப்போ குளிரே கூடாதா? கூடும். குளிர் பானத்துக்கு வெளியில இருக்கணும், உள்ளே விழக் கூடாது. காசர்கோட்டுல இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னைக்கு இதைச் செஞ்சு காட்டியிருக்கு. பாளையில மாட்டுற பாத்திரத்தைச் சுத்தி ஐஸ் நிரப்பின ஒரு பெட்டி. சாறு சொட்டும்போதே குளிர்ந்துடும், சுண்ணாம்பே தேவையில்ல. அந்தச் சாறுக்கு 'கல்பரசா'ன்னு பேர் வெச்சாங்க. தமிழ்நாட்டுலயும் 2017-ல் தென்னையில இருந்து நீரா இறக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனா தென்னை மாதிரி இல்ல பனை. அதைவிட உயரம், ஏறுறது கஷ்டம், ஆள் அதைவிடக் குறைவு. தினமும் ரெண்டு தடவை முப்பது மரத்துக்கு ஐஸ் பெட்டியையும் தூக்கிட்டு ஏறச் சொல்றது நடக்கிற காரியமாத் தெரியல. மரத்தடியில இருந்து குளிரைத் தொடங்கலாம். இறக்கி வடிகட்டின பதநீரை மூடின கேன்ல ஊத்தி, அந்தக் கேனை ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சு ஊருக்குக் கொண்டு வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீன் கொண்டு வர்ற தெர்மாகோல் பெட்டி மாதிரி ஒண்ணு, சுத்தமானதா, இதுக்குன்னே தனியா இருந்தாப் போதும்.

வாங்குற நமக்கும் இதுல பங்கு இருக்கு. திருநெல்வேலி நேரம் பார்த்து வாங்கத் தெரியாத ஊர் இல்லையே. இருட்டுக்கடை அல்வாவுக்குச் சாயங்காலம்தான்னு தெரிஞ்சு, நெல்லையப்பர் கோயில் எதிர்ல வரிசையில நிக்கிற ஊர். சுடச்சுட இலையில வாங்கி, நெய் இறுகுறதுக்குள்ள சாப்பிடணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. பதநீருக்கும் அதே மரியாதை குடுத்தா போதும். சீசன்ல அந்தப் பக்கம் போறவங்க காலை எட்டு மணிக்குள்ள கிராமத்து ரோட்டுல நிறுத்துங்க. "அண்ணாச்சி, எப்போ இறக்கினது?"ன்னு கேளுங்க. நேர்மையான ஆள் மணியைச் சொல்வார். ஐஸ் போடாம ஒரு வாய் முதல்ல கேளுங்க. லேசான வெண்மையோட இருக்கும், அது பரவாயில்ல. மேலே பொடிப் பொடியா குமிழி எழும்பிக்கிட்டே இருந்தாலோ, மூக்குல புளிப்பு ஏறினாலோ நேரம் தாண்டிடுச்சு. ஐஸ் வேணாம்னா நுங்கு போட்டுக் கேளுங்க. அதோட குளிர்ச்சி பதநீரைத் தண்ணியாக்காது.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா நல்ல ஸ்டீல் பிளாஸ்க்கை முந்தின ராத்திரியே பிரிட்ஜ்ல வெச்சுக் குளிர வெச்சுக் கொண்டு போங்க. பிளாஸ்டிக் பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி இறுக்கி மூடிட்டு கார் டிக்கியில போடாதீங்க. உள்ளே கேஸ் உண்டாகிக்கிட்டே இருக்கும், பாட்டில் உப்பி மூடி தெறிச்சா டிக்கி முழுக்க ஒரு வாரத்துக்குக் கள்ளுக்கடை வாசம்தான். பிளாஸ்க்லயும் வாய் வரைக்கும் ஊத்தாம கொஞ்சம் இடம் விடுங்க, வழியில ஒரு தடவை மெதுவாத் திறந்து மூடுங்க. வீடு வந்ததும் பிரிட்ஜ். அடியில தங்குற சுண்ணாம்பைக் கலக்காம மேலாப்புல ஊத்துங்க. குடிக்கிறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி வெளியில எடுத்து வைங்க. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வந்ததும் அந்தப் பாளை வாசம் திரும்பி எழும்பும். தற்செயலா அது இங்கிலாந்து நிலவறையோட சூடுதான். அன்னைக்கே முடிச்சுடுங்க, மிச்சம் இருந்தா பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டுப் பொங்கல் வைங்க.

அடுத்த எபிசோடுல கருப்பட்டி. சீனி கலந்ததையும் கலக்காததையும் கையில உடைச்சுப் பார்த்தே எப்படிப் பிரிக்கிறதுன்னு பேசுவோம்.